குண்டனும் பொடிசும்

சமுதாயக்கூடத்து வாசல் நிலையின் மேல் இருந்த கொக்கியில் தராசைத் தொங்கவிட்டு, அதில் துணித்தொட்டிலை மாட்டி, முள் சரியாக நிற்கிறதா என்று விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு நர்ஸம்மா திரும்பினாள். "யாரு முதல்ல? அண்ணனா, தங்கச்சியா?" சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து அவள் இடுப்பில் குண்டனும் தோளில் பொடிசுமாக எழுந்து வந்தாள். குண்டன் அவள் பெற்ற பிள்ளை. பொடிசு, செத்துப்போன அவள் தங்கை பெற்ற பெண். இரண்டுக்கும் ஆஸ்பத்திரி அட்டையில் நல்ல பெயர்கள் இருந்தன. ஆனால் காலனியில் யாரும் அந்தப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிறந்தபோது கன்னம் வழிய வழிய இருந்ததால் அவன் குண்டன். ஒரு கைக்குள் அடங்கிவிடுகிற மாதிரி இருந்ததால் அவள் பொடிசு.

பொடிசைத் தொட்டிலில் போட்டதும் முள் போன மாதத்தைத் தாண்டிப் போய் நின்றது. "அடி என் ராசாத்தி, திருட்டுத்தனமா எதை எதையோ தின்னுறியா?" என்று நர்ஸம்மா அவள் பாதத்தைக் கிள்ளினாள். அடுத்துக் குண்டன். நர்ஸம்மா முள்ளைப் பார்த்தாள். அவனை எடுத்துவிட்டு, தொட்டிலை உதறி மாட்டி, மறுபடியும் போட்டுப் பார்த்தாள். வாய் ஓயாமல் பேசுகிறவள் பேச்சை நிறுத்தியதில் கூடமே அமைதியாகிவிட்டது. குண்டன் தொட்டிலுக்குள் மடங்கி உட்கார்ந்து, தலைக்கு மேல் ஆடுகிற கொக்கியைப் பெரிய மனிதனைப் போலக் கவனித்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டுக்கும் எப்படிக் குடுக்கிற? மாத்தி மாத்தியா?"

"அழுவுறதுக்குக் குடுக்கிறேன்."

"எது அழுவும்?"

அழுவது பொடிசுதான். பசி வந்தால் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அழும். குண்டன் அழுகிற பிள்ளையே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தங்கச்சி குடிப்பதை வேடிக்கை பார்ப்பான். சில நேரம் அப்படியே சாய்ந்து தூங்கிவிடுவான். என் மகன் தங்கம், ஒரு தொந்தரவு கிடையாது என்று அவள் நாற்றுப்பண்ணையில் வேலை செய்கிற பெண்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் தொட்டிலுக்குள் கையை விட்டு அவன் விலா எலும்பைத் தடவிப் பார்த்தாள்.

"சரி, நீ காலையில என்ன சாப்பிட்ட?"

"சாப்பிட்டேன்."

"அதான், என்னன்னு கேக்குறேன்."

"டீ."

நர்ஸம்மா பெருமூச்சு விட்டாள். "டீயைக் குடிச்சிட்டு ரெண்டு பிள்ளைக்குப் பால் குடுக்க நீ என்ன மந்திரவாதியா? நாளைக்கே ரெண்டையும் தூக்கிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போ. பிள்ளைங்களைத் தேத்தி அனுப்புற வார்டு இருக்கு. உனக்கும் சோறு போடுவாங்க. யோசிக்காத, கெளம்பு."

டவுன் ஆஸ்பத்திரி என்றதும் அவள் பொடிசை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கடைசியாக அந்தக் கட்டடத்துக்குள் அவள் நுழைந்தது தங்கையோடு. காட்டுக்குள் இருந்த அவர்கள் சனத்தை, வனத்துறை காட்டுக்கு வேலி போட்ட பிறகு அடிவாரத்துக்கு இறக்கிவிட்டு, வரிசையாக சிமெண்டு வீடு கட்டிக் கொடுத்து, ரோடு வரும், ஆம்புலன்ஸ் வரும் என்றார்கள். ரோடு வந்தது. இரண்டு மழையில் பாதி அடித்துக்கொண்டும் போனது. சின்னவளுக்கு வலி கண்ட காலையில், ஆம்புலன்ஸ் தார் ரோட்டு முக்கு வரைதான் வரும் என்று போனில் சொல்லிவிட்டார்கள். காலனிக்குக் காய்கறி ஏற்றி வருகிற ஜீப்காரர், கூடைகளை இறக்கிப் போட்டுவிட்டு, ஏறுங்க என்றார். பாதி வழியில், குழியும் கல்லுமாக ஜீப் குலுங்கியபோது, பொடிசு அக்காவின் மடியிலேயே பிறந்துவிட்டது. ஜீப்காரர் சந்தோஷத்தில் ஹாரன் அடித்தார்.

"பொண்ணா? மூக்கு யாரு மூக்குக்கா?" என்று சின்னவள் கேட்டாள்.

"உன் மூக்குதான்."

"ஐயோ பாவம்" என்று அவள் சிரித்தாள். கொஞ்ச தூரம் போனதும், "அக்கா, காலு ரெண்டும் சில்லுன்னு இருக்கு, போத்தி விடேன்" என்றாள். அக்கா தன் முந்தானையை அவிழ்த்துப் போர்த்தினாள். அப்போதுதான் சீட்டுக்குக் கீழே தேங்கி நின்றதைப் பார்த்தாள். டவுனின் தண்ணீர் டாங்கு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், அவள் பிடித்திருந்த கை தங்கையின் கையாக இல்லாமல், வெறும் கனமாகிவிட்டது. பிறகு ஜீப்காரர் ஓடையில் வண்டியை நிறுத்தி அந்தச் சீட்டைக் கழுவோ கழுவென்று கழுவினாராம். ரொம்ப நாள் அந்தச் சீட்டில் யாரையும் உட்காரவிடாமல், அதன்மேல் வெங்காய மூட்டையைத்தான் வைத்துக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் யாரோ பொடிசைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தபோது அது வீறிட்டது. வீட்டில் விட்டுவந்த குண்டனுக்காகக் கட்டியிருந்த பால் தானாக இறங்கியது. அவள் யோசித்து எடுத்த முடிவு எதுவும் அதில் இல்லை. அழுதது, கொடுத்தாள்.

நர்ஸம்மா சொன்ன வார்டு, மறுநாள் போய்ப் பார்த்தபோது, அவள் நினைத்த மாதிரி இல்லை. சுவரெல்லாம் முயலும் வாத்தும் வரைந்து வைத்திருந்தார்கள். தாய்மார்கள் கட்டிலில் உட்காருவதைவிடத் தரையில் பாய் போட்டு உட்காருவதையே விரும்பினார்கள். தட்டு நிறையச் சோறு வந்தது. முதல் நாள் அவள் பாதியை ஒதுக்கி வைத்தாள், யாருக்கு என்று தெரியாமலே. பக்கத்துப் படுக்கைக்காரி, டவுனில் தையல் மிஷின் ஓட்டுகிறவள், "யாருக்கு எடுத்து வைக்கிற, புருசனுக்கா? அவரு அங்க நிம்மதியா தின்னுட்டுத் தூங்குவாரு, நீ முழுங்கு" என்றாள். அவள் சிரித்தாள். சிரித்துப் பல நாளாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. பிள்ளைகளைத் தூங்கவைக்கத் தங்கள் சனத்துப் பேச்சில் அவள் முனகியபோது, வார்டு ஆயா துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "என்ன பாஷை அது, குருவி கத்துற மாதிரி? இங்க எல்லாருக்கும் புரியுற மாதிரிப் பேசு" என்றாள். அதன் பிறகு அவள் உதட்டை அசைக்காமல் முனகக் கற்றுக்கொண்டாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். நின்றுகொண்டே பேசுவாள், நின்றுகொண்டே எழுதுவாள். "ரெண்டும் உங்க பிள்ளைங்களா?" என்று கேட்டாள்.

"ஒண்ணு வயித்துல பொறந்தது. இன்னொண்ணு மடியில பொறந்தது."

டாக்டர் எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். சின்னதுக்கு இன்னும் தாய்ப்பால்தான் சாப்பாடு. பெரியவன் மற்ற உணவு சாப்பிடுகிற வயசுக்கு வந்துவிட்டான். அவனுக்கு மாவுப்பாலும் கூழும் கொடுத்துத் தேற்றிவிடலாம். உங்கள் உடம்பு இருவருக்கும் ஈடுகொடுக்காது. அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. பொடிசுக்கும் தம்ளரில் கொடுத்துப் பார்த்தார்கள். தையல்காரியின் சேலை வரைக்கும் துப்பியது. குண்டனோ, கொடுத்த தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, வெள்ளை மீசையோடு நிமிர்ந்து பார்த்தான். எல்லாரும் கை தட்டினார்கள். அவனும் தட்டினான். அந்த வார்டில் அவனுக்குக் கன்னம் திரும்ப வந்தது. கிளம்புகிற அன்று ஆயாவே அவனைத் தூக்கிக்கொண்டு கேட் வரை வந்தாள்.

ஆனாலும் வார்டில் ஒரு நாள், பொடிசுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவன் பாயில் தவழ்ந்து வந்து அவள் மறுபக்க மார்பில் தலையை வைத்தான். டாக்டர் சொல்லியிருந்தாள், பழக்கத்தை மாற்றும்போது மனசு இளகக் கூடாது என்று. அவள் அவன் தலையை மெல்லத் திருப்பிவிட்டாள். அவன் அழவில்லை. கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, தம்ளர் வைத்திருந்த மூலைக்குப் போய்விட்டான்.

காலனிக்குத் திரும்பியபோது வெயில் காலம் முற்றியிருந்தது. மேல்நிலைத் தொட்டி வற்றி, தண்ணீர் லாரி வருகிற நாளைப் பார்த்து வாழ்க்கை ஓடியது. அவள் டாக்டர் சொன்னதை எழுத்துக்கு எழுத்து செய்தாள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, மூடிவைத்து, தம்ளரையும் கரண்டியையும் வெந்நீரில் முக்கி எடுத்து, அதன் பிறகுதான் மாவைக் கலக்குவாள். "ஆஸ்பத்திரிக்காரி வந்துட்டா, ஒதுங்குங்கடி" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். அவளுடைய கணவன், குண்டனின் அப்பா, காட்டுத் தீ பார்க்கிற வாட்சர். வெயில் காலம் முழுக்க மேலேதான் இருப்பான். இறங்கி வருகிறபோது புகை வாசத்தோடு வந்து, குண்டனைத் தூக்கி எடை பார்ப்பது போல் மேலும் கீழும் ஆட்டுவான். "நர்ஸம்மா தராசைவிட என் கைதான் கரெக்டு. ஏறிட்டான்" என்பான்.

குண்டனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தபோது பல் முளைக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். ஈறு தடித்துத்தான் இருந்தது. அன்று முழுக்க உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். குடித்தான், போனான். மறுநாள் காலையில் அவன் கண் உள்ளே இறங்கியிருந்தது. நர்ஸம்மாவுக்கு இன்னொரு ஊரையும் சேர்த்துக் கொடுத்திருந்ததால் அவள் அங்கே இருந்தாள். ஜீப் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருக்கிறது என்று போனில் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் மகள் வாட்சரைத் தேடி மேலே ஓட, இவள் பொடிசைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, குண்டனைத் தூக்கிக்கொண்டு தார் ரோட்டு முக்குக்கு நடந்தாள்.

பஸ் நிழற்குடையில் உட்கார்ந்திருந்தபோது அவன் உதட்டை நக்கினான். அவள் ரவிக்கையை விலக்கி அவனை மார்போடு அணைத்தாள். டாக்டரும் மற்றதும் அப்போது அவள் நினைவில் இல்லை. அவன் வாயை வைத்தான். ஆனால் உறிஞ்சவில்லை. மறந்துவிட்டானா, தெம்பில்லையா, இல்லை தன்னுடையது இல்லை என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டானா, அவளுக்குத் தெரியவில்லை. "குடிடா சாமி, குடிடா, உனக்குத்தாண்டா" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஓட்டமாக இறங்கி வந்த கணவன், கரி படிந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளியே நின்றான்.

பஸ்ஸில் கண்டக்டர் ஒரு ஆளை எழுப்பி இடம் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் ஓடினார்கள், ஊசி குத்த நரம்பு தேடினார்கள். மறுநாள் மத்தியானம் குண்டன் இறந்துபோனான். எப்போதும் நின்றுகொண்டே பேசுகிற டாக்டர் பாயில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆயா வாசலில் யாரிடமோ, "இந்தக் காட்டாளுங்களுக்கு எவ்வளவு சொல்லி அனுப்பினாலும்" என்று ஆரம்பித்து, உள்ளே எட்டிப் பார்த்து யார் பிள்ளை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடக்கம் எல்லாம் முடிந்த பிறகு அவளுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. எந்தத் தம்ளர் என்று தேடுவது. வேலைக்குப் போன நாளில் பக்கத்து வீட்டுக்காரி கலக்கிக் கொடுத்ததா? ஆறுவதற்குள் அவன் கை நீட்டியதால் பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டாளே, அதுவா? லாரித் தண்ணீர் கலங்கலாக வந்த அன்றைக்கா? ஒவ்வொன்றாக எடுத்து, கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போல் மனசுக்குள் பார்த்தாள். எல்லாத் தம்ளரும் சுத்தமாகத்தான் இருந்தன. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

பொடிசு பக்கத்து வீட்டிலேயே இருந்தது. அந்த வீட்டு மருமகளும் பால் கொடுக்கிறவள். தன் பிள்ளைக்குப் போக மிச்சத்தைக் கொடுத்தாள். அது போதவில்லை. பொடிசு அழுகிற சத்தம் சுவரைத் தாண்டி வரும். வந்தவுடன் இவள் ரவிக்கை நனையும். உடம்புக்கு வெட்கமே இல்லை என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவனுக்குக் கிடைக்காதது இப்படிச் சொட்டுச் சொட்டாகத் துணியில் போகிறது. துணியை வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கணவன் வேலையிலிருந்து வந்து, பக்கத்து வீட்டுக்குப் போய், பொடிசை மடியில் வைத்து, கஞ்சித் தெளிவைக் கரண்டியில் ஊட்டிப் பார்ப்பான். அவன் சட்டையெல்லாம் துப்பி வைக்கும்.

அப்போதுதான் தங்கை புருசன் வந்தான். எங்கோ தூரத்தில் கல் உடைக்கிற கிரஷரில் வேலை. புருவத்திலும் காது மடலிலும் வெள்ளைத் தூசி எப்போதும் படிந்திருக்கும். இருபத்தைந்து வயசுக் கிழவன் மாதிரி இருப்பான். செத்துப்போனவள் கூப்பிட்டதைப் போலவே அவனும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். வாசலுக்கு வெளியே குந்தி உட்கார்ந்துகொண்டு, தரையைப் பார்த்துப் பேசினான்.

"அக்கா, பாப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன். டவுன்ல ஒரு இல்லத்துல பேசிட்டேன். அம்மா இல்லாத பிள்ளைங்களை வச்சுப் பாத்துக்கிறாங்களாம். நல்ல சாப்பாடு, ஏச்சு கிடையாது, பேச்சு கிடையாது."

"இங்க யாரு ஏசினா?"

"ஏசல. ஆனா பேசுறாங்கல்ல. எம் பிள்ளை உங்க பிள்ளையைத் தின்னுடுச்சுன்னு." அவன் குரல் உடைந்தது. "நானும் அதான் நெனைக்கிறேன்க்கா. அவளையும் தின்னுச்சு, இவனையும் தின்னுச்சு. இன்னும் எதுக்கு உங்க தலையில?"

அவள் அவனைத் திட்டியிருக்கலாம். அந்தப் பேச்சு அவள் காதிலும் விழுந்திருந்தது. காதில் விழுவதற்கு முன்பே அது அவளுக்குள் இருந்தது. "கூட்டிட்டுப் போ" என்றாள்.

உள்ளேயிருந்து கணவன் வந்தான். மகன் போனதிலிருந்து அவன் சத்தமாக எதுவும் பேசியதில்லை. "சகலை, இல்லத்துக்குப் போன பிள்ளைங்க திரும்பி வந்து பாத்திருக்கியா நீ? மேல் வரிசை வீட்டுப் பையன் வந்தான். அவங்கம்மா பேசுறது அவனுக்குப் புரியல, அவன் பேசுறது அவளுக்குப் புரியல. ரெண்டு பேரும் விருந்தாளி மாதிரி உக்காந்துட்டு இருந்தாங்க. இவ எங்கயும் போக மாட்டா."

"அப்ப நீ குடு பால்" என்று அவள் கத்தினாள். "உனக்கென்ன, வாயால சொல்லிட்டுப் போயிடுவ. எனக்குல்ல வலிக்குது. அது வாய் வச்சா அவன் முகம் வருது. தலையைத் திருப்பிவிட்டேன்யா, இந்தக் கையால திருப்பிவிட்டேன்."

மூன்று பேரும் தனித்தனியாக அழுதார்கள். யாரும் யாரையும் தேற்றவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கு நேரமானதும் தங்கை புருசன் எழுந்தான். பக்கத்து வீட்டு வாசலில் நின்று தூங்குகிற மகளைப் பார்த்தான். தூசிக் கையால் தொடாமல், குனிந்து மூச்சை மட்டும் இழுத்துவிட்டு, "அடுத்த மாசம் வந்து முடிவா பேசிக்கலாம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வாரம் பிறந்ததும் அவள் நாற்றுப்பண்ணைக்குத் திரும்பிப் போனாள். வீட்டில் இருந்தால் தம்ளர்கள். அங்கே பச்சை வலைப்பந்தலுக்குக் கீழே, செம்மண்ணையும் எருவையும் தண்ணீர் விட்டுக் குழைத்து, கறுப்புப் பாலித்தீன் பைகளில் அள்ளி நிரப்பி, தட்டி, வரிசையில் அடுக்க வேண்டும். யோசிக்க வேண்டாத வேலை. யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. மேஸ்திரிகூட வந்த நேரத்தைப் பற்றிப் பேசாமல் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரி வேறு வழியில்லாமல் பொடிசையும் தூக்கி வந்திருந்தாள். மருமகளுக்குக் காய்ச்சல். வரிசையின் மறுகோடியில் சாக்கை விரித்து அதில் உட்காரவைத்திருந்தாள். இவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வேலை மும்முரத்தில் பொடிசு சாக்கை விட்டு இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. பை வரிசைகளுக்கு நடுவே இருந்த சந்துக்குள் புகுந்து, முழங்கால் ஈரமண்ணில் பதிய, நின்று நின்று தவழ்ந்து வந்தது. வழியில் ஒரு நாற்றின் இலையைப் பிடித்துப் பார்த்தது, விட்டது. அழவில்லை. அவள் முழங்காலைப் பற்றி எழுந்து நின்றபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. கன்னம் வற்றியிருந்தது. மூக்கு மட்டும் அப்படியே, சின்னவளின் மூக்கு. பொடிசு அவள் மடிக்குள் சரிந்து, பழகிய இடத்தில் தலையால் முட்டியது. ரவிக்கை நனைந்தது.

பேசிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். அவள் இரண்டு கையும் மணிக்கட்டுக்கு மேல் வரை சேறாக இருந்தன. தள்ளவும் முடியாமல், அணைக்கவும் முடியாமல், கைகளை இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி தன் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். குனிந்து, அவள் ரவிக்கையின் கீழ்க் கொக்கிகளைக் கழற்றிவிட்டு, திரும்பிப் போய் உட்கார்ந்து அடுத்த பையில் மண்ணை அள்ளிப் போட ஆரம்பித்தாள்.

பொடிசு கண்ணை மூடிக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல், மடக்கு மடக்கென்று குடித்தது. அவள் பந்தலுக்கு வெளியே, வெள்ளையாக எரிகிற வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. மண் காய்ந்து விரல்களில் இறுகி, மெல்லிய கோடுகளாக வெடிக்கத் தொடங்கியிருந்தது.